நூற்றுக்கு இரண்டு பங்கு: அயல்நாட்டு ஸ்டவுட் உள்நாட்டில் தயாராகும் விதம்

அன்னிய நாடொன்றில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் ஒரு பண்டத்தை, அதே பெயரில், அதே தரத்தில் வேறொரு நாட்டில் செய்வதற்கு லைசென்ஸ் வழங்கும் முறை இன்று யாவரும் அறிந்ததே. முலுண்டில் லால் பகதூர் சாஸ்திரி மார்க்கின் ஓரமாக ஒரு காலத்தில் வரிசையாக நின்ற தொழிற்சாலைகளில் அயல்நாட்டுப் பெயர் தாங்கியவை பல. அவற்றின் இடத்தில் இப்பொழுது பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் எழுந்துவிட்டன. எனினும் அத்தொழிற்சாலைகள் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை. லைசென்ஸின்கீழ் ஒரு பொருள் உள்நாட்டில் செய்யப்படும்போது, உண்மையில் எல்லை கடந்து வருவது யாது? அறிவா, இயந்திரமா, அல்லது பெயர் மட்டுமா?

இக்கேள்விக்கு விடை காண, அளந்து பார்க்கக்கூடிய உதாரணம் ஒன்று வேண்டும். ஸ்டவுட் எனப்படும் கரிய பீர் அத்தகையது. அதில் உள்நாட்டுப் பங்கு எவ்வளவு, வெளிநாட்டுப் பங்கு எவ்வளவு என்பதை லிட்டர் கணக்கில் கூறலாம். மதுபானம் பற்றிய கட்டுரை ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் எதற்கு என்று வாசகர்கள் ஐயுறலாம். நமது அரசியலமைப்பின் 47-வது பிரிவு போதைதரும் பானங்களைத் தடுக்க முயல்வதை அரசின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. இக்கட்டுரை அதற்கு மாறாக எதையும் பரிந்துரைக்கவில்லை. தானியம் முளைப்பது, மாச்சத்து சர்க்கரையாவது, சர்க்கரை நொதிப்பது ஆகிய மூன்றும் ஒரே தொழிலில் அடுத்தடுத்து நிகழ்வதால், அதனை ஒரு பாடமாகக் கொள்கிறோம்.

முதலில் செய்முறையைச் சுருக்கமாகக் காண்போம். பார்லியை நீரில் ஊறவைத்து முளைக்கவிட்டால், விதைக்குள் அமைலேஸ் எனப்படும் என்ஸைம்கள் பெருகுகின்றன. இளஞ்செடிக்கு உணவாக மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது அவற்றின் வேலை. செடி வளருமுன் முளைப்பை உலர்த்தி நிறுத்தினால், என்ஸைம்கள் கெடாமல் தானியத்திலேயே தங்கிவிடும். இதுவே மால்ட் ஆகும். மால்ட்டை உடைத்து, ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் ஊறவைத்தால், மாச்சத்து கரைந்து இனிப்புச் சாறாகிறது. அச்சாற்றை ஹாப் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கிறது. இவ்வாறு கிடைப்பது வெளிர்நிறப் பீர்.

ஸ்டவுட்டுக்கு இதனுடன் கருக வறுத்த பார்லியும் வேண்டும். 1817-இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பது போன்ற உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தானியம் எரிந்து சாம்பலாகாமல் கருநிறம் பெறுவது அதனால் எளிதாயிற்று. 200 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் தானியத்திலுள்ள சர்க்கரைகளும் புரதப் பகுதிகளும் கூடிப் புதிய பொருள்களாகின்றன. கருநிறமும் கசப்பும் காப்பியை ஒத்த மணமும் அவற்றால் வருபவை. ஸ்டவுட்டின் தனித்தன்மை முழுவதும் இந்த வறுவலில் அடங்கியிருக்கிறது என்று சொன்னாலும் பெரிய பிழையாகாது.

அயல்நாட்டு ஸ்டவுட்டுகளில் உலகெங்கும் மிகுதியாக அறியப்பட்டது அயர்லாந்தின் கின்னஸ். 1759-இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளின் நகரின் செயின்ட் ஜேம்ஸ் கேட் என்னுமிடத்திலிருந்த ஆலையை ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும் பொருட்டு ஹாப்பும் ஆல்கஹாலும் கூடுதலாக உள்ள ஒரு வகை, மேற்கிந்தியத் தீவுகளுக்கென 1801 முதலே தயாராயிற்று. இன்று வெப்ப நாடுகளில் விற்பனையாகும் ஸ்டவுட் அதன் வழித்தோன்றலே. அயர்லாந்துக்கு வெளியே இந்நிறுவனத்தின் முதல் ஆலை 1936-இல் லண்டனில் பார்க் ராயல் என்னுமிடத்தில் அமைந்தது. நியூயார்க்கில் 1940-களின் இறுதியில் தொடங்கிய ஆலை 1954-இல் மூடப்பட்டது. 1962-இல் நைஜீரியாவில் லாகோஸ் நகரை அடுத்த இகேஜாவிலும், 1960-களின் நடுவில் மலேசியாவில் கோலாலம்பூரை அடுத்த சுங்கை வேயிலும் ஆலைகள் எழுந்தன. சுங்கை வே மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். உள்ளூரில் தயாராவதற்கு முன்பு புட்டியில் அடைத்து வந்த சரக்கில் நாய்த்தலை முத்திரை இருந்தமையால், அங்குள்ள சீனர்கள் இதனைக் ‘கறுப்பு நாய்’ என்றே அழைத்து வந்தனர்.

வெப்ப நாட்டில் பீர் தயாரிப்பதற்கு நீண்ட காலம் தடையாயிருந்தது உஷ்ணமே. முப்பது டிகிரிக்கு மேல் ஈஸ்ட் அவசர அவசரமாக நொதிக்கச் செய்து, விரும்பத்தகாத மணப்பொருள்களை மிகுதியாக உண்டாக்கிவிடும். இக்காரணத்தாலேயே நம் பகுதியின் பழைய பீர் ஆலைகள் மலைமேல் ஏறின. எட்வர்ட் டயர் 1855-இல் தொடங்கிய ஆலை கசௌலியில் அமைந்தது. இலங்கையில் 1881-இல் தோன்றிய ஆலை, தோட்டத் தமிழர்கள் நன்கறிந்த நுவரெலியாவில், கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேல் நின்றது. அதன் லயன் ஸ்டவுட் உள்நாட்டுப் பெயரிலேயே புகழ்பெற்றது. குளிர்பதன இயந்திரம் மலிவானபின் மலைக்குத் தேவையில்லாமற் போயிற்று. 1990-களின் பிற்பகுதியில் அவ்வாலையும் கொழும்புக்கு அருகிலுள்ள பியகம சமவெளிக்கு இறங்கிவிட்டது.

உஷ்ணம் தீர்ந்தது. ஆனால் வறுவல் தீரவில்லை. பார்லியை வறுப்பது கலையும் அபாயமும் கலந்த வேலை. சில நொடி தாமதித்தால் உருளையிலேயே தீப்பிடித்துவிடும். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வறுவல் ஆலை அமைத்து, டப்ளினில் கிடைக்கும் அதே சுவையைப் பெறுவது கடினம். இதற்குக் கண்ட வழி எளிமையானது. வறுத்த பார்லியும் மால்ட்டும் ஹாப்பும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, நீரை அகற்றிக் குழம்புபோல் சுண்டவைத்து, அயர்லாந்திலிருந்தே கப்பலில் அனுப்புகிறார்கள். ஆங்காங்குள்ள ஆலைகள் உள்ளூரில் வெளிர்நிறப் பீரைத் தயாரித்து, அதன் 49 பங்குக்கு இச்சாற்றில் 1 பங்கு கலக்கின்றன. நூற்றுக்கு இரண்டு பங்கு, அவ்வளவே.

மாட்டுங்காவில் வாழும் தமிழருக்கு இதனை விளக்க அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. டிகாக்‌ஷன் ஓரிடத்தில் இறங்குகிறது, பால் வேறிடத்தில் கறக்கப்படுகிறது; இரண்டும் கூடியதே காப்பி. டிகாக்‌ஷனை மட்டும் கும்பகோணத்திலிருந்து அனுப்பி, பாலை முலுண்டில் வாங்கிக்கொண்டால் என்ன நேருமோ, அதுவே இங்கு நேர்கிறது. காப்பியில் டிகாக்‌ஷனின் பங்கு இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது மட்டுமே வேறுபாடு.

கணக்கைப் பாருங்கள். 1,000 லிட்டர் ஸ்டவுட்டுக்கு 980 லிட்டர் உள்ளூர்ப் பீரும் 20 லிட்டர் சாறும் போதும். 20,000 லிட்டர் சாறு ஏற்றிய கப்பல், 10 லட்சம் லிட்டர் ஸ்டவுட்டை ஏற்றி வந்ததற்குச் சமம். கப்பற்கூலி ஐம்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. புட்டி, மூடி, நீர், தானியம், கூலி யாவும் உள்நாட்டுச் செலவு. அன்னியச் செலாவணி குறைவாயுள்ள நாட்டுக்கு இது சிறிய லாபமன்று.

மற்றொரு நன்மை நீரைச் சார்ந்தது. பழைய பீர் நகரங்கள் ஒவ்வொன்றும் தத்தம் நீருக்கேற்ற பானத்தையே செய்தன. வறுத்த தானியம் புளிப்புத் தன்மையுடையது. பைகார்பனேட் உப்புகள் மிகுந்த கடினநீர் அப்புளிப்பை ஈடுசெய்யும். மென்னீரில் வறுத்த தானியத்தை மிகுதியாக ஊறவைத்தால் சாறு அளவுக்குமீறிப் புளித்துப்போகும். முலுண்டுக்கு அடுத்த பாண்டுப்பில் சுத்திகரிக்கப்படும் நீர், வைதர்ணா முதலிய ஏரிகளில் தேங்கிய மழைநீர். அது பெரும்பாலும் மென்னீரே. இத்தகைய நீர் வெளிர்நிறப் பீருக்குப் பொருந்தும், கருநிறப் பீருக்கு உப்புச் சேர்க்கை வேண்டும். வறுத்த பார்லி ஊறுவது அயர்லாந்திலேயே முடிந்துவிடும்போது, உள்ளூர் நீர் வெளிர்நிறப் பீருக்கு ஏற்றதாக இருந்தாலே போதுமானது. தானே கழிமுகத்துக்கு அப்பாலுள்ள தளோஜாவில் 2011 முதல் ஹாலந்து நாட்டின் ஹெய்னெகென் பீர் தயாராகிறது. அது வெளிர்நிற வகையாதலால் அதற்கு இத்தகைய கருஞ்சாறு வேண்டியதில்லை.

இனி அந்தத் தொண்ணூற்றெட்டுப் பங்கைக் கவனிப்போம். விஷயத்தின் சுவையான பகுதி இதுவே.

நைஜீரியாவில் பார்லி பெருமளவில் விளைவதில்லை. 1962 முதல் கால் நூற்றாண்டுக் காலம் பார்லி மால்ட் கப்பலில் வந்து இறங்கியது. ஆகவே சாறு இரண்டு பங்குதான் என்றாலும், பானத்தின் தானியம் முழுவதும் அன்னியமாகவே இருந்தது. எண்ணெய் விலை வீழ்ந்து செலாவணி வறண்டபோது, அந்நாட்டு அரசாங்கம் 1988 தொடக்கம் முதல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடைசெய்தது. தாக்குப்பிடிக்க முடியாத ஆலைகள் பல மூடப்பட்டன. எஞ்சியவை உள்நாட்டில் விளையும் சோளத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் மாறின.

மாறுவது வாயால் சொல்வதுபோல் எளிதன்று. மாச்சத்து சர்க்கரையாக வேண்டுமானால் முதலில் அது நீரை உறிஞ்சிக் களியாக வேண்டும். பார்லியின் மாச்சத்து ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரிக்குள் களியாகிவிடும். என்ஸைம்களும் அந்த உஷ்ணத்தில் உயிர்ப்போடு இருக்கும். இரண்டும் ஒரே பாத்திரத்தில், ஒரே வேளையில் நடக்கும். சோளத்தின் மாச்சத்தோ 70 டிகிரியைத் தாண்டிய பிறகே நன்கு களியாகிறது. அதற்குள் மால்ட்டின் என்ஸைம்களிற் பெரும்பகுதி வெப்பத்தால் அழிந்துபோகும். பூட்டுத் திறக்கும் வேளையில் சாவி உருகிவிடுகிறது என்னலாம். போதாக்குறைக்கு, முளைத்த சோளத்தில் பீட்டா அமைலேஸ் என்னும் வகை பார்லியில் இருப்பதைக் காட்டிலும் மிகக் குறைவு. பார்லியின் உமி சாற்றை வடிகட்டும் படுகையாகவும் பயன்படுகிறது. சோளத்திற்கு அந்த உமியும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் தேடப்பட்டது. சோளத்தைத் தனியே வேகவைத்துக் களியாக்கி, பின்னர் உஷ்ணத்தைக் குறைத்து என்ஸைம்களுடன் சேர்ப்பது ஒரு வழி. கொதிநிலையை ஒட்டிய உஷ்ணத்திலும் கெடாத பாக்டீரிய என்ஸைம்களை வாங்கிச் சேர்ப்பது மற்றொன்று. உமியில்லாக் குறையை அழுத்தி வடிக்கும் துணி வடிகட்டிகள் நீக்கின. மால்ட்டுக்கு உகந்த சோள ரகங்களைத் தெரிந்தெடுக்கும் வேலையும் விரைந்தது. இதில் நமக்கும் பங்குண்டு: ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் நிறுவனத்தின் ஐ.சி.எஸ்.வி. 111, ஐ.சி.எஸ்.வி. 400 ஆகிய ரகங்கள் 1990-களில் நைஜீரிய விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டன. 1990-களின் இறுதியில் இறக்குமதித் தடை நீங்கியது. ஆயினும் ஆலைகள் சோளத்தைக் கைவிடவில்லை. வற்புறுத்தலால் கற்ற வித்தை, வற்புறுத்தல் நீங்கிய பின்பும் கையிலிருந்தது.

இவ்வித்தை லைசென்ஸ் பத்திரத்தில் எழுதி வந்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். டப்ளினுக்குப் பார்லி தெரியும். சோளம் அங்கு விளைவதுமில்லை, தேவைப்படுவதுமில்லை. தொண்ணூற்றெட்டுப் பங்கைச் சொந்தத் தானியத்தில் செய்யும் அறிவு நைஜீரியாவிலேயே, அந்நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளிலும் ஆலைகளிலும் திரண்டது.

இத்தொழிலின் அடிப்படை விஞ்ஞானத்தில் பெரும்பகுதி எவருக்கும் காப்புரிமை இல்லாதது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆராய்ச்சிச் சாலையில் எமில் ஹான்சன் என்பவர், ஒரே உயிரணுவிலிருந்து பெருக்கிய தூய ஈஸ்ட்டை முதன்முதலாக ஆலையில் பயன்படுத்தினார். அந்த ஆலையார் அதனை மறைத்து வைக்காமல், போட்டி ஆலைகளுக்கும் வழங்கினர். அதே ஆராய்ச்சிச் சாலையில் 1909-இல் சாரன்சன் என்பவர் புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவையை வகுத்தார். மண்பரிசோதனைக்குச் செல்லும் களப்பணியாளர் இன்று கையாளும் அளவை அதுவே.

கின்னஸ் ஆலையிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது சற்று வேடிக்கையானது. 1899-இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காஸெட் என்னும் இளைஞர் இரசாயனமும் கணிதமும் கற்றவர். பார்லி ரகங்களையும் மால்ட்டையும் ஒப்பிட அவருக்குக் கிடைத்தவை நாலைந்து பரிசோதனைகளே. அக்காலப் புள்ளியியல் முறைகளோ நூற்றுக்கணக்கான அளவைகள் இருந்தால்தான் பயன்படும். குறைந்த எண்ணிக்கையுள்ள அளவைகளிலிருந்து எவ்வளவு உறுதியாக முடிவு கூறலாம் என்பதை அவர் கணக்கிட்டு, 1908-இல் வெளியிட்டார். ஊழியர்கள் தம் பெயரில் ஆராய்ச்சிகளை வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர், என்ற புனைபெயரில் கட்டுரை வந்தது. விவசாயப் பண்ணையில் இரு விதைகளின் மகசூலை ஒப்பிடும்போது நாம் இன்றும் போடும் ‘ஸ்டூடன்ட் டி சோதனை’ அதுவே. ரகசியத்தைப் பாதுகாக்க ஏற்பட்ட விதி ஊழியரின் பெயரை மறைத்ததே தவிர, அறிவை மறைக்கவில்லை.

இரு நாடுகளில் தயாரான ஒரே பெயருள்ள பானம் உண்மையில் ஒன்றுதானா என்று கண்டறிவதும் புள்ளியியல் வேலையே. டென்மார்க்கில் 1940-களில் வகுக்கப்பட்ட முக்கோணச் சோதனை இதற்கு உதவுகிறது. ஒருவர்முன் மூன்று குவளைகள் வைக்கப்படும். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானது எது என்று அவர் சொல்ல வேண்டும். ஏதும் தெரியாமல் ஊகித்தாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். பன்னிருவரைச் சோதித்தால் ஊகத்திலேயே நால்வர் சரியாகச் சொல்லலாம். எட்டுப் பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது வெறும் தற்செயலாக நேர்வதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்புக்கூட இல்லை. சுவையில் வேறுபாடு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் இச்சோதனையைச் சிக்கரி கலந்த காப்பியையும் கலவாத காப்பியையும் கொண்டு பள்ளியிலேயே நடத்திப் பார்க்கலாம். ‘நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்’ என்பவர் பலர் அன்று மௌனமாகிவிடுவர்.

ஆகவே ஈஸ்ட், பி.எச்., புள்ளியியல், குளிர்பதனம், சோளத்தை வேகவைக்கும் முறை ஆகிய யாவும் திறந்த அறிவு. மூடியிருப்பது அந்த இரண்டு பங்கு மட்டுமே, அதனோடு பெயரும். பின்னால் நடந்த வாணிப மாற்றங்கள் இதனை வெட்டவெளிச்சமாக்குகின்றன. மலேசிய ஆலையில் கின்னஸின் உரிமையாளரான டியாஜியோ நிறுவனத்திற்கு இருந்த பங்கை 2015-இல் ஹெய்னெகென் வாங்கிக்கொண்டது. சுங்கை வேயில் கின்னஸ் தொடர்ந்து லைசென்ஸின்கீழ் தயாராகிறது. 2024-இல் நைஜீரிய நிறுவனத்தில் டியாஜியோ வைத்திருந்த பெரும்பான்மைப் பங்குகளைச் சிங்கப்பூரைச் சேர்ந்த டோலராம் நிறுவனம் வாங்கியது. அங்கும் நீண்டகால லைசென்ஸும் ராயல்டியும் ஏற்பாடாயின. கட்டிடமும் கொப்பரைகளும் ஊழியர்களும் கைமாறினர். பெயர் மட்டும் கைமாறவில்லை. லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் படிப்பவர், தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்தப் பகுதி உள்நாட்டில் செய்ய முடியாதபடி வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுவது நல்லது. அது பெரும்பாலும் அளவில் மிகச் சிறியதாகவே இருக்கும்.

எதிர்த்திசையிலும் அறிவு செல்வதுண்டு. அதற்கு முலுண்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஜெர்மானிய மருந்து நிறுவனமாகிய ஹெக்ஸ்ட் இங்கு நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், 1970-களில் இந்திய மூலிகைகள் ஆராயப்பட்டன. கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்னும் செடியின் வேரிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் அதே காலத்தில் அச்செடியை ஆராய்ந்து வந்தது. உயிரணுக்களுக்குள் செய்தி கடத்தும் ஒரு முக்கிய என்ஸைமை அப்பொருள் தூண்டுவதாகப் பின்னர் அறியப்பட்டதால், உலகின் உயிரியல் ஆராய்ச்சிச் சாலைகள் பலவற்றில் அது அன்றாடக் கருவியாயிற்று. சேலம் பகுதி விவசாயிகள் மருந்துக் கூர்க்கன் என்று பயிரிடுவது இச்செடியையே. அயல்நாட்டுப் பெயர்ப்பலகையின்கீழ் நடந்த வேலை என்றாலும், கைகளும் செடியும் இந்நாட்டவை.

சுகாதாரத் துறையைச் சார்ந்த களப்பணியாளர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஸ்டவுட் கருமையாக இருப்பதால் அதில் இரும்புச்சத்து மிகுதி என்றும், பிள்ளை பெற்றவர்களுக்கு இரத்தம் ஊறும் என்றும் மலேசியாவிலும் வேறு பல நாடுகளிலும் ஒரு நம்பிக்கை பரவியது. கின்னஸ் உடம்புக்கு நல்லது என்று 1929-இல் பிரிட்டனில் தொடங்கிய விளம்பரங்களும் அதற்குத் துணைநின்றன. கருமை இரும்பினால் வந்ததன்று, வறுவலால் வந்தது என்பதை மேலே கண்டோம். அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு பைண்ட் அளவில் உள்ள இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது 27 மில்லிகிராம். கருவுற்ற காலத்தில் ஆல்கஹாலுக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. இதனைத் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்பாடத்தின் முதற்பாதியை, அதாவது மாச்சத்து சர்க்கரையாகும் நிலையை, பள்ளியில் செய்து காட்டலாம். நொதித்தல் வரை செல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் இன்றி மதுபானம் தயாரிப்பது மகாராஷ்டிரத்தில் குற்றமுமாகும். கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து இரண்டு நாள் முளைக்கவிடுங்கள். பின்னர் வெயிலில் உலர்த்தி, முளைகளைத் தேய்த்து நீக்கி, மாவாக அரைத்துக் கொள்ளுங்கள். வாணலியில் சிவக்க வறுத்தால் மணம் வரும், என்ஸைம் போய்விடும். சோதனைக்கு வறுக்காத மாவே வேண்டும். ஜோவரி மாவில் 100 கிராமை 600 மில்லிலிட்டர் நீரில் வேகவைத்துக் கெட்டியான கூழாக்கி, மூன்று பாத்திரங்களில் பங்கிடுங்கள். முதலாவதில் ஒன்றும் சேர்க்க வேண்டாம். இரண்டாவது 65 டிகிரிக்கு ஆறியதும் கேழ்வரகு மால்ட் மாவு ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கிளறுங்கள். மூன்றாவதைக் கொதிக்கும்போதே வைத்துக்கொண்டு, அதிலும் ஒரு தேக்கரண்டி சேர்த்து ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள்.

பத்து நிமிஷத்தில் இரண்டாவது பாத்திரத்தின் கூழ் கரண்டியிலிருந்து நீர்போல் ஒழுகும். மற்ற இரண்டும் கெட்டியாகவே இருக்கும். சோளத்தைக் கண்டு ஆலைகள் திகைத்ததற்குக் காரணம் மூன்றாவது பாத்திரத்தில் கண்கூடாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு துளியை நன்றாக ஆறவிட்டு, நீர்த்த டிங்ச்சர் அயோடின் விடுங்கள். சூடாக இருந்தால் நீலநிறம் தோன்றாது. மாறாத மாச்சத்து கருநீலமாகும். இரண்டாவது பாத்திரத்தின் துளி நேரம் செல்லச் செல்லச் செம்பழுப்பாகி வெளிறும். அயோடின் பட்டதை ஒருவரும் உண்ணலாகாது.

பரோடா பல்கலைக்கழகத்தில் 1980-களில் தாரா கோபால்தாஸும் அவருடன் பணிபுரிந்தோரும் இதே தத்துவத்தைக் குழந்தை உணவுக்குப் பயன்படுத்திக் காட்டினர். சிறு குழந்தை கெட்டியான கூழை விழுங்காது. நீர் சேர்த்து இளக்கினால் வயிறு நிறையுமே தவிர சத்துச் சேராது. முளைதானிய மாவு சிறிது சேர்த்தால் கூழ் இளகும், சத்தும் குறையாது. உண்பதற்காகச் செய்யும்போது மால்ட் சேர்த்துக் கூழ் இளகிய பிறகு மீண்டும் ஒரு முறை கொதிக்கவைத்து இறக்க வேண்டும்.

மால்ட்டுக்குக் கேழ்வரகு அல்லது கோதுமையையே பயன்படுத்துங்கள். சோளத்தை முளைகட்டினால் அதன் முளையிலும் வேரிலும் டுரின் என்னும் பொருள் உண்டாகிறது. அது சிதைந்தால் ஹைட்ரோசயனிக் அமிலமாகிய விஷம் வெளிப்படும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சுருண்டு விழுவதை விவசாயிகள் அறிவார்கள், காரணம் இதுவே. ஆலைகளில் முளையையும் வேரையும் உலர்த்தித் தேய்த்து முற்றிலும் அகற்றிய பின்பே சோள மால்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலோ அங்கன்வாடியிலோ அதனைச் செய்ய முயலலாகாது.